மீன் குழம்பில் ருசி இல்லை

என் தம்பியைக் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ பார்ப்பவர்கள் முதலில் சொல்வது, "ஆள் நல்லா தேறிட்டானே!" என்பதுதான். தேறித்தான் இருக்கிறான். நடக்கிறான், சிரிக்கிறான், வேலைக்குப் போகிறான். முடிக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறிய தழும்பைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. அடுத்ததை அவன் முன்னால் சொல்ல மாட்டார்கள். என்னையோ அம்மாவையோ ஓரமாக அழைத்துக் கேட்பார்கள்: "ஏன் இப்படித் திமிரா பேசுறான்? முன்ன இப்படி இல்லையே?"

கல்யாண மண்டபத்தில், கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை எதிர்கொள்ளும் வீடுகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் பல இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

2022 நவம்பர். தம்பிக்கு அப்போது 27 வயது. கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் வேலை. தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாரில் போய்வருவான். மாலையில் மழை கொட்டினால் மோட்டார்க்காரர்கள் எல்லாரும் பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்பார்களே, அன்றைக்கும் அப்படி நின்றுவிட்டு, மழை குறைந்ததும் புறப்பட்டிருக்கிறான். ஷா ஆலாம் தாண்டி ஒரு வளைவில் முன்னால் போன மோட்டார் சறுக்கியது. இவன் பிரேக் பிடித்தான், இவனும் சறுக்கினான். தலை முதலில் தடுப்புக் கம்பியில் மோதி, பிறகு தார்ச் சாலையில் மோதியது. தலைக்கவசம் போட்டிருந்தான். தாடைப் பட்டையை மட்டும் தளர்வாக விட்டிருந்தான். முதல் மோதலிலேயே தலைக்கவசம் கழன்று உருண்டு போனதைப் பின்னால் வந்த ஒரு மலாய் இளைஞர் பார்த்திருக்கிறார். 999க்கு அழைத்தவரும் அவர்தான்.

அந்த மோட்டார் சைக்கிள் தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விபத்து நடந்ததும் உறவினர்கள் பலர் அதைத்தான் குறை சொன்னார்கள். குறுகல், இருட்டு, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். எல்லாம் உண்மைதான். ஆனாலும் லோரிகளையும் மோட்டார்களையும் பிரிப்பதற்காக 1970களில் போடத் தொடங்கிய தடம் அது. பின்னாளில் அதை நீட்டித்தபோது ஆராய்ந்து பார்த்ததில், மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்திருந்தன. 2019இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். தம்பி அந்தத் தடத்தில் விழாமல் லோரிக்கு முன்னால் விழுந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மருத்துவமனையில் எங்களுக்குச் சொன்ன முதல் எண் 12. கண் திறக்கிறாரா, பேச்சு தெளிவாக இருக்கிறதா, சொன்னபடி கையைக் காலை அசைக்கிறாரா என்று மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் 1974இல் வகுத்த அளவுகோல் இது. முழு மதிப்பெண் 15. மிகக் குறைந்தது 3. எதற்கும் அசையாதவருக்கும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழே போனால் கடுமையானது. 12 என்றதும் மாமா, "பன்னெண்டுன்னா பாஸ்தான்" என்றார். எங்களைத் தைரியப்படுத்தத்தான் சொன்னார். அந்த எண் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை ஓரளவு காட்டும். வீட்டுக்குத் திரும்பி வரப்போகிறவன் எப்படி இருப்பான் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை எனக்குப் புரிகிற மாதிரி விளக்கியவர் ஒரு பயிற்சி மருத்துவர், சீனப் பெண். "பாசார் மாலாமில் தௌ ஃபூ ஃபா வாங்குவீர்களே, அந்த டப்பாவை வேகமாகக் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டார். டப்பா உடையாது. உள்ளே இருப்பது முன்னும் பின்னும் மோதிக் கலங்கும். ஒன்றரைக் கிலோகூட இல்லாத நம் மூளை கிட்டத்தட்ட அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. அதோடு மண்டை ஓட்டின் உட்புறம், நெற்றிக்குப் பின்னால், வழவழப்பாக இருக்காது. மேடும் முகடுமாக இருக்கும். எந்தப் பக்கம் அடிபட்டாலும் மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பக்கமும் அங்கே உரசிக் கன்றிப் போவது அதிகம். தம்பிக்கு ஆனதும் அதுதான். முன்மூளையில் இரண்டு இடங்களில் கன்றல்.

ஸ்கேனில் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததும் உண்டு என்று அவர் சொன்னார். தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டு அறுகின்றன. சாதாரண ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரியாது. "ஸ்கேன் நார்மல்" என்று எழுதிக் கொடுத்த பிறகும் ஒருவர் மாதக்கணக்கில் தலைவலியோடும் மறதியோடும் அலைவது இதனால் இருக்கலாம். "மைல்ட்" என்ற சொல்லில் எனக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான். லேசான காயம் என்று வகைப்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் சரியாகிவிடுகிறார்கள், உண்மை. சரியாகாதவரிடம் மட்டும் ஊரே, "உனக்குத்தான் லேசா பட்டதுன்னு சொன்னாங்களே" என்று கேட்கும்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பு வார்டில் என்னைப் பார்த்து, "அக்கா, மோட்டார எங்க வச்சே?" என்று ஒரே நாளில் இருபது தடவை கேட்டிருப்பான். அந்த நாட்கள் எதுவும் இன்றுவரை அவன் நினைவில் இல்லை. இந்த நினைவில்லாத காலம் எவ்வளவு நீள்கிறதோ, தேறுவதும் அவ்வளவு மெதுவாக இருக்கும் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். கையில் கொடுத்த தாளில் மாத்திரைகளின் பெயரும் அடுத்த சந்திப்புத் தேதியும் இருந்தன. கோபம் வரும், களைப்பு வரும், குணம் மாறலாம் என்று ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா கிள்ளான் பாசாரில் வஞ்சிரம் வாங்கி வந்து, அவனுக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினான். "என்னம்மா குழம்பு இது? வெறும் உப்பும் புளியும். ருசியே இல்லை." என் அம்மாவின் மீன் குழம்பை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அடுத்த வாரம் மறுபடி வைத்தார். மறுபடியும் அதே பேச்சு. மூன்றாவது வாரம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "அவனுக்கு என் மேல என்னமோ வெறுப்பு."

வெறுப்பு இல்லை. அவனுக்கு வாசனை போயிருந்தது. மூக்கின் கூரையில் சல்லடை போல ஓர் எலும்பு இருக்கிறது. அதன் பொடித் துளைகள் வழியாகத்தான் மோப்ப நரம்பிழைகள் மூளைக்கு ஏறுகின்றன. மூளை குலுங்கும்போது அவை அங்கேயே அறுந்துவிடலாம். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு இவற்றை நாக்கு சொல்லும். வெந்தயம் தாளித்தது, மாங்காய், மீன், கறிவேப்பிலை என்று நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பங்கு மூக்கு சொல்வது. அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அவன் வாயில் அது வெறும் உப்பும் புளியும்தான். தனக்கு வாசனை தெரியவில்லை என்பதே அவனுக்குத் தெரியவில்லை. குழம்புதான் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

இது ருசியோடு நிற்கிற சங்கதியும் இல்லை. கேஸ் கசிந்தால் தெரியாது. சந்தான் புளித்துப் போனது தெரியாது. அடுப்பில் சோறு பிடித்தால் தெரியாது. எங்கள் வீட்டில் இப்போது கேஸ் கசிவைக் காட்டும் கருவியும் புகை எச்சரிக்கைக் கருவியும் இருக்கின்றன. திறந்த உணவுப் பொட்டலங்களில் அம்மா தேதி எழுதி ஒட்டுகிறார்.

2023 பிப்ரவரியில் தைப்பூசம் வந்தது. உயிர் பிழைத்ததற்காக அம்மா பத்துமலைக்குப் பால்குடம் வேண்டியிருந்தார். வேண்டுதலைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த மூன்று மாதங்களில் அம்மாவை நிமிர்த்தி வைத்திருந்ததே அதுதான். ஆனால் உருமி மேளம் பக்கத்தில் வந்ததும் தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். உடம்பெல்லாம் வியர்வை. எழுப்பப் போன மாமாவைக் கெட்ட வார்த்தையில் ஏசினான். பெரியவர்களை "நீ" என்றுகூடச் சொல்லாத பிள்ளை அவன். சாமி வந்துவிட்டது என்று ஒருவர் விபூதி பூசினார். வேறு ஏதோ பிடித்திருக்கிறது என்று இன்னொருவர் ரவாங்கில் ஒரு ஆளின் விலாசம் கொடுத்தார். பெரியம்மா மட்டும் காதோடு கேட்டார்: "குடிக்கிறானா?"

மறு வாரம் அவனைப் பார்த்த தொழில்சார் சிகிச்சையாளர், கெடாவிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண், தம்பியை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம் தனியாகப் பேசினார். "வாசனை தெரியுதா? சத்தம் தாங்குறாரா? சட்டுனு கோபம் வருதா? சொன்னாத்தான் செய்றாரா, தானா எதையாவது தொடங்குறாரா?" ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. யாரோ எங்கள் வீட்டுக்குள் இருந்து பார்த்ததைப் போலக் கேட்டார்.

முன்மூளைதான் நம் தலைக்குள் இருக்கும் மேற்பார்வையாளர் என்றார் அவர். எதைச் சொல்லலாம், எதை விழுங்கிக்கொள்ள வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் இடம். கோபம் எல்லாருக்கும் வருகிறது. தம்பிக்குக் கோபம் வரும் இடம் நன்றாகவே இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் இடம் கன்றிப் போயிருக்கிறது. மணிக்கணக்கில் சோபாவில் உட்கார்ந்திருப்பது சோம்பல் இல்லை. எழுந்து குளிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், அதைத் தொடங்கி வைக்கும் விசைதான் சரியாக வேலை செய்யவில்லை. மேளச் சத்தமும் கூட்டமும் வெளிச்சமும் சேர்ந்து வரும்போது தேவையில்லாததை வடிகட்டித் தள்ள முடியாமல் மூளை திணறுகிறது. திமிர், சோம்பேறித்தனம், பேய், குடி என்று நான்கு பெயர் வைத்திருந்தோம். நான்கும் ஒரே காயம்.

அதன் பிறகு வீட்டில் நடந்த மாற்றங்கள் சின்னச் சின்னவை. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வது. சாப்பிடும்போது டிவி கிடையாது. குளியல், மாத்திரை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் கைப்பேசியில் அலாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருட்டறையில் இருபது நிமிடம் படுக்கை. கோபம் ஏறுவது தெரிந்தால் அவன் கையை உயர்த்திவிட்டு வெளியே போகலாம், யாரும் பின்னால் போய்ப் பேசக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிக்க என் அம்மா பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம்.

மோட்டாரைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. எங்கள் தாமானில் ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். புடைப்புகூட இல்லை. மூன்று வாரம் கழித்துப் பகலெல்லாம் தூக்கம், ஒரு கால் இழுப்பு, பேரனின் பெயர் மறதி. வயசாகிவிட்டது, நினைவு தப்புகிறது என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். தாதியாக இருக்கும் பேத்திதான் பிடிவாதமாக ஸ்கேன் எடுக்க வைத்தாள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே பழைய ரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்திருந்தது. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. நடுவில் பாலம் போலப் போகும் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. லேசான அதிர்வே போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிறு துளையிட்டு ரத்தத்தை வடித்தார்கள். பாட்டி இப்போது பழையபடி மருமகளோடு சண்டை போடுகிறார்.

இதற்கு நேர்மாறாக, சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் கசிவும் உண்டு. நடிகர் லியாம் நீசனின் மனைவி நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். எழுந்து சிரித்துப் பேசினார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். சில மணி நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டாம் நாள் இறந்தார். மண்டை ஓட்டுக்குக் கீழே ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்திவிட்டது. நடுவில் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் அந்த இடைவெளிதான் ஏமாற்றுவது. தலையில் அடிபட்டவருக்குத் தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாத தூக்கம் வந்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கைகால் தளர்ந்தால், வலிப்பு வந்தால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு நாட்கள் தனியாக விடாமல் யாராவது உடனிருப்பது நல்லது.

நம் பையன்களின் சண்டைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். கன்னத்தில் ஒரு அறைதானே என்று நினைக்கிறார்கள். அடி வாங்கியவன் பின்பக்கமாகச் சாய்ந்து, கடையோரச் சிமெண்டுத் தரையில் பின்மண்டை மோத விழுந்தால் அது ஒரு சாலை விபத்துக்குச் சமம். கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்குவதும் அப்படித்தான்.

தலைக்கவசத்துக்கும் ஒரு கதை உண்டு. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் வரும் அந்த லாரன்ஸ், 1935இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தவர். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ், அதன் பிறகு மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கினார். 1941இல் அவர் வெளியிட்ட ஆய்வு பிரிட்டிஷ் ராணுவத்தில் தலைக்கவசம் கட்டாயமாவதற்கு வழி செய்தது. பொதுமக்களுக்கு அங்கே கட்டாயமானது 1973இல். மலேசியாவிலும் அதே 1973இல்தான்.

ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. தலையில் கவசம் இருக்கிறது, பட்டை தொங்குகிறது. புத்ரா பல்கலைக்கழகப் பேராசிரியர் குழந்தையன், நம்மவர், மலேசியர்கள் தலைக்கவசத்தை எப்படி அணிகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வு கேட்டது, போட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் இல்லை, சரியாகப் போட்டிருக்கிறார்களா என்பதை. தலைக்கவசம் தலைக்காயத்தின் ஆபத்தை 69 விழுக்காடு குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தலையில் நின்றால்தானே அந்தக் கணக்கு? ஒருமுறை பலமாக மோதிய கவசத்தை மறுபடி அணிவதும் வீண். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு ஒரே ஒரு முறை நசுங்கித் தன் வேலையை முடித்துவிடுகிறது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது.

பணத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும், நம் வீடுகளில் பலர் இதைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்து சொக்சோ பாதுகாப்புக்குள் வருகிறது. சொந்தத் தொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உணவு விநியோகிக்கும் பிள்ளைகளும் இப்போது சந்தா கட்டிச் சேரலாம். கை கால் உடைந்தால்தான் சொக்சோ என்று நினைக்க வேண்டாம். மறதியும் குணமாற்றமும் மருத்துவ அறிக்கையில் ஏற வேண்டும். அதற்கு வீட்டார்தான் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் அடிபட்டவர் மருத்துவரிடம் "நான் நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். தம்பி ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னான். செராஸில் அரசாங்க மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. 2014இல் மலாக்காவில் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. வேலைக்குத் திரும்புவதற்கென்று 2007 முதல் ஒரு திட்டமும் இருக்கிறது. அதன் வழியாகத்தான் தம்பியின் அலுவலகத்தில் பேசி, முதலில் அரை நாள், பிறகு முழு நாள், வாடிக்கையாளர் முகப்பிலிருந்து பின்னறைக் கணக்கு வேலை என்று மாற்றிக் கொடுத்தார்கள். சம்பளம் குறைந்தது. வேலை இருக்கிறது.

இப்போது அவன் கொம்யூட்டர் ரயிலில்தான் போகிறான், கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காதில் அடைப்பான். பார்ப்பவர்கள் ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி நடந்தால் பூக்கடை, வடைக் கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை எல்லாம் தாண்டித்தான் அலுவலகம். "முன்ன கண்ண மூடிக்கிட்டே எந்தக் கடைன்னு சொல்வேன்க்கா," என்றான் ஒருநாள். போன வருடம் அடுப்பில் காப்பித்தூள் கருகியபோது, ஏதோ வருகிறது என்று சமையலறைக்கு வந்தான். என்ன வாசனை என்று அவனால் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

போன மாதம் அவனுக்குப் பந்திங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பெண் ஆசிரியை. எதையும் சொல்ல வேண்டாம், அதான் தேறிட்டானே என்றார் மாமா. அம்மா என்னைப் பார்த்தார். தம்பியே பேசினான். பெண்ணின் அப்பாவிடம், "எனக்கு மூளையில அடிபட்டிருக்கு அங்கிள். சத்தம் தாங்காது, சீக்கிரம் களைச்சிடுவேன், கோபம் வந்தா வெளிய போயிடுவேன். அம்மா சமையல்ல உப்பு கூடினா மட்டும்தான் எனக்குத் தெரியும்," என்றான். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, கையை உயர்த்திவிட்டு வெளியே போவது எப்படி, எவ்வளவு நேரம், திரும்பி வந்தால் பேசுவானா என்று விவரமாகக் கேட்டார். பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். மூன்று வாரம் ஆகிறது. நேற்று அந்தப் பெண் தம்பிக்கு ஒரு வாட்ஸாப் அனுப்பியிருக்கிறாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று அவன் எங்களுக்குக் காட்டவில்லை.